அப்பால எங்க போவும்?

எங்கள் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, எப்படி இப்படி வளர்த்தாய் என்று காலடிப்பேட்டையில் கேட்பவர்கள் உண்டு. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பெரிதாகப் பேசத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒரு கேள்வி உண்டு. அதை யாரும் யாரையும் கேட்கலாம். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்தது பெரியவள். அப்போது எம்.கே.பி. நகரில் ஹவுசிங் போர்டு வீட்டில் இருந்தோம். அவளுக்கு நாலு வயது இருக்கும். பிஸ்கட் தின்றுவிட்டு, காலி கவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தொட்டியில் போடு என்றேன்.

“அப்பால எங்க போவும்?” என்றாள்.

வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும் என்றேன். அப்பால என்றாள். கொடுங்கையூருக்குப் போகும், அங்கே பெரிய மேடு இருக்கிறது, அதில் கொட்டுவார்கள் என்றேன். அப்பால என்றாள்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அப்பால எங்கேயும் போகாது. அங்கேயே கிடக்கும். வெயில் காலத்தில் மேட்டில் தீப்பிடித்தால் எங்கள் மாடிப்படி வரைக்கும் புகை வரும். ஜன்னலில் ஈரத்துணி கட்டித்தான் படுப்போம். இவளுக்கு மூச்சு இழுக்கும்.

“புகையா நம்ம மூக்குக்கு வரும்” என்றேன்.

மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். கவரைத் தொட்டியில் போடவில்லை. ஜன்னல் கம்பியில் சொருகி வைத்தாள். மறுநாள் அவள் அப்பா பிஸ்கட் வாங்கக் கிளம்பியபோது, கவர் இல்லாத பிஸ்கட்தான் வேண்டும் என்றாள். அவர் டிரெய்லர் ஓட்டுகிறவர். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் கொண்டுபோகிற வண்டி. கேட்டுக்கு வெளியே நாள் முழுக்க வரிசையில் நிற்கிற வேலை. எதற்கும் அவசரப்பட மாட்டார், எதற்கும் கோபப்படவும் மாட்டார். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போய், ஜாடியில் இருந்த பட்டர் பிஸ்கட்டை அதில் போட்டு வாங்கி வந்தார். பேக்கரிக்காரர் சிரித்தாராம். சிரிக்கட்டும் என்றார்.

காலடிப்பேட்டைக்கு வந்த பிறகு சின்னவள் பிறந்தாள். அக்காவைப் பார்த்து அவளும் கேட்க ஆரம்பித்தாள். எந்தப் பொருள் வந்தாலும் வாசலிலேயே கேள்வி வந்துவிடும். ஷாம்பு பாக்கெட்டைக் கேட்டார்கள். பதில் இல்லை. பெரிய பாட்டில் வாங்கினோம். தீர்ந்த பிறகு அதில் தையல் மெஷினுக்கு எண்ணெய் ஊற்றி வைத்தேன். என் பழைய நைட்டியைக் கேட்டார்கள். அதற்குப் பதில் இருந்தது. பாதி தலையணை உறை ஆகும். பாதி கரித்துணி. கரித்துணி கிழிந்தால் கால்மிதி. காய்கறித் தோல் ஆட்டுக்கு. மீன் கழிவு பூனைக்கு. பதில் சொல்லமுடிகிற பொருள் உள்ளே வரும். சொல்லமுடியாத பொருளை வாங்குவதற்கு முன் ஒரு முறை நின்று யோசிப்போம். யோசித்தும் வாங்க வேண்டியிருந்தால் வாங்குவோம். பேஸ்ட் டியூபுக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. அதற்காகப் பல் விளக்காமல் இருக்க முடியாது.

தண்ணீரைச் சிக்கனமாகச் செலவு செய் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவரவர் குடத்தை அவரவர் அடிபம்பில் அடிக்க வேண்டும் என்று மட்டும் வைத்தேன். கை வலித்தவளுக்குத் தண்ணீர் என்ன விலை என்று தெரியும். பெரியவள் அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரத்தை அலசி, அந்தத் தண்ணீரைப் பின்னால் இருக்கிற முருங்கைக்கு ஊற்றுவாள். யாரும் சொல்லவில்லை. இன்னொரு குடம் அடிக்காமல் தப்பிக்க அவளே கண்டுபிடித்த வழி அது.

நான் சாயங்காலத்தில் வாசலில் இட்லியும் வடகறியும் விற்கிறேன். பெரியவள் மூன்றாவது படிக்கும்போது, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒருநாள் நான் வடகறியைக் கவரில் ஊற்றி நூல் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட்கப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. கேட்டாள். வாங்க வந்த ஆள், “உங்க பொண்ணு ஹெல்த் ஆபீசரா?” என்றார். மறுநாளிலிருந்து பாத்திரம் கொண்டுவந்தால்தான் வடகறி என்று சொல்லிவிட்டேன். கொண்டுவராதவர்களுக்குக் கொடுத்தனுப்ப வீட்டில் இருந்த தூக்குச் சட்டிகளை எடுத்து வைத்தேன். சிலது திரும்பி வரவில்லை. சில பேர் இரண்டு தெரு தள்ளி இருந்த கடைக்குப் போனார்கள். அங்கே கவரில் கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கடை வடகறியைச் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் திரும்பி வந்தார்கள். கையில் பாத்திரத்தோடு வந்தார்கள்.

கேள்வியால் தொல்லையும் உண்டு. பக்கத்து வீட்டு அம்மா சின்னவள் பிறந்தநாளுக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை கொடுத்தார். வாங்கிக்கொண்டதும் சின்னவள், இது அப்பால எங்க போவும் என்று கேட்டாள். கொடுத்ததை யாருக்கோ தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார். நான் போய்ப் பேசி, இரண்டு தட்டு இட்லி கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. எண்ணூர் பக்கம் போகும்போது ஆலைப் புகையைக் காட்டிக் கேட்பார்கள். ஆற்றில் மிதக்கும் எண்ணெயைக் காட்டிக் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள், பெரிய ஆளானதும் அவர்களிடம் போய்க் கேளுங்கள் என்பேன். நம் வாசலுக்கு மட்டும் நாம் பதில் சொன்னால் போதும் என்பேன்.

இதெல்லாம் சின்ன விஷயம். கேள்வி எங்கள் சொந்தத்துக்குள்ளே போய் நின்றபோதுதான் எனக்குக் கஷ்டம் வந்தது.

பெரியவள் வயசுக்கு வந்தாள். என் தம்பிக்குப் போன் செய்தேன். எனக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான். காசிமேட்டில் ஷெட் வைத்து, விசைப்படகு என்ஜின்களை ரிப்பேர் பார்க்கிறான். போனை வைத்த கொஞ்ச நேரத்தில், ஒரு குட்டியானை வண்டியில் பச்சைத் தென்னை ஓலையை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். தாய்மாமன் கையால் ஓலைக் குடிசை கட்டவேண்டும். எங்கள் ஹால் சின்னது. அதன் மூலையில், ஆள் உட்கார்ந்து படுக்கிற அளவுக்கு ஒரு குடிசை கட்டினான். கை என்ஜின் எண்ணெயில் ஊறின கை. ஓலை முடையத் தெரியவில்லை. குடிசை ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பெரியவள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, “சோக்கா கீது மாமா” என்றாள். அவனுக்கு முகமெல்லாம் பல்.

சடங்குக்கு நாள் பார்த்தோம். அதுவரை பெண் வெளியே போகக்கூடாது. அன்றைக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவந்து மாலை போட்டால்தான் பெண்ணை மணையில் உட்கார வைப்பார்கள். மாமன் வராத சடங்கு என்று ஒன்று கிடையாது.

சடங்குக்கு முந்தின வாரம் தம்பி மறுபடி வந்தான். போனை எடுத்துக் குடிசைக்குள் நீட்டினான். பேனர் டிசைன். தெருமுனையில் வைப்பதற்கு. மாடி உயரம் என்றான். நடுவில் பெரியவள் படம். தலையில் கிரீடம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தம்பி. ‘தாய்மாமன் அழைக்கிறார்’ என்று எழுத்து. கீழே இரண்டு வரிசையில் அவன் தோஸ்துகள் முகம், வட்டம் வட்டமாக. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு பட்டப்பெயர்.

பெரியவள் பார்த்துச் சிரித்தாள். படத்தைப் பெரிசு பண்ணிக் கிரீடத்தைப் பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது. நினைத்த மாதிரியே கேட்டாள்.

“நல்லா கீது மாமா. ஃபங்ஷனுக்கு அப்பால எங்க போவும்?”

“இன்னா எங்க போவும்?”

“பேனர்.”

“எங்கனா போவுது. உனக்கு இன்னா?”

“என் மூஞ்சி மாமா அது. எங்கனா போனா எப்டி?”

அதோடு விட்டிருந்தால் சரியாகப் போயிருக்கும். சின்னவள் ஜன்னல் பக்கம் ஓடிப்போய் எதிர்வீட்டு மாடியைக் காட்டினாள். அங்கே மாடியில் கக்கூஸுக்குக் கூரை இல்லை. பேனர்தான் கட்டியிருப்பார்கள். யாரோ ஒரு பெரியவருடைய அறுபதாம் கல்யாண பேனர். மழையும் வெயிலும் பட்டு ஒரு கண் உரிந்துவிட்டது. மீதி முகம் சிரித்துக்கொண்டே இருக்கும்.

“அந்தத் தாத்தா மாதிரி ஆயிடும் மாமா” என்றாள்.

தம்பி ஜன்னல் வழியாகப் பார்த்தான். போனைச் சட்டைப்பையில் வைத்தான். குழந்தை பேனரைப் பற்றித்தான் சொன்னாள். அவன் காதில் வேறு மாதிரி விழுந்துவிட்டது. தான் செய்கிற சீரைக் குப்பை என்று சொல்கிறார்கள், தன்னையே கொண்டுபோய்க் கக்கூஸில் மாட்டிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டான். என்னைப் பார்த்தான்.

“பொண்ணுங்கள நல்லா வளத்து வெச்சிக்கீறக்கா” என்றான். “பேனர் இல்லன்னா நானும் இல்ல.”

காபி போட்டு வைத்திருந்தேன். குடிக்காமல் போய்விட்டான்.

அன்று ராத்திரி வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். ஒரு நாள் பேனர்தானே, வைத்துவிட்டுப் போகட்டும், முடிந்ததும் நாமே அவிழ்த்துக் கொண்டுவந்து மடித்து வைத்துக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். இந்தப் பெண்களால் அவர் வண்டியில் தண்ணீர் பாட்டில் வாங்குவதை விட்டவர். ஸ்டீல் சொம்பும் தூக்குச் சட்டியும் கொண்டுபோவார். வரிசையில் நிற்கிற டிரைவர்கள் அவரைத் தூக்கு மாமு என்று கூப்பிடுவார்கள். கேலிக்கு அசையாத ஆள். அவரே இறங்கிப் போகலாம் என்றார்.

குடிசைக்குள்ளிருந்து பெரியவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கு மாமா வேணும் நைனா” என்றாள். “பேனர் வேணாம்.”

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. அதில் அவள் என்னைப் போல.

நான் தூங்காமல் யோசித்தேன். பேனரை வைக்கச் சொல்லிவிட்டால் தம்பி வந்துவிடுவான். ஆனால் கேள்வி அதோடு செத்துவிடும். ஷாம்பு பாக்கெட்டையும் வடகறிக் கவரையும்தான் கேட்கலாம், சொந்தக்காரர்களைக் கேட்கக்கூடாது என்று பெரியவள் தெரிந்துகொள்வாள். பிறகு எதையும் கேட்கமாட்டாள். பேனர் வேண்டாம் என்றால் தம்பி வரமாட்டான். அவன் சொன்னால் சொன்னதுதான். மாமன் இல்லாமல் என் பெண் மணையில் உட்காருவாள். அதுவும் முடியாது. எனக்கு இரண்டும் வேண்டும். பெண் வெளியே போகக்கூடாது. அவருக்கு வண்டி ஓட்டுகிற வேலை இருக்கிறது. போய்ப் பேசவேண்டிய ஆள் நான்தான்.

காலையில் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினேன். டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. நான் பேசிப் பழகினவள் இல்லை. சரி, போய் நிற்போம் என்று போனேன்.

தம்பி ஷெட்டில் ஒரு என்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூட அவன் தோஸ்து ஒருவர் இருந்தார். பேனரின் கீழ் வரிசையில் முதல் வட்டம் அவருடையது. என்னைப் பார்த்ததும் தம்பி எழுந்திருக்கவில்லை. ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினான். உட்கார்ந்தேன்.

“பொண்ணு உன்னக் கேக்கல” என்றேன். “பேனரக் கேட்டா. எங்க வூட்ல எது வந்தாலும் கேப்போம். என்னையும் கேப்பா, அவங்க அப்பாவையும் கேப்பா.”

“பேனர் வேற நான் வேறயா? அதுல கீறது என் மூஞ்சி.”

“நீ கட்டின குடிசைய ஒரு வார்த்தை கேட்டாளா?”

ஸ்பேனரை எடுத்து ஒரு நட்டைத் திருகினான்.

“ஓலை எங்க போவும்னு அவளுக்குத் தெரியும். ஈர்க்கு துடப்பம் ஆவும், மீதி அடுப்புக்குப் போவும். அதான் கேக்கல. சாஞ்சி நிக்குது. ஆனா அதுலதான் தூங்கறா.”

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். அந்த நேரத்தில் கடல் காற்று அடித்தது. ஷெட்டுக்கு மேலே கட்டியிருந்தது படபடவென்று அடித்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தேன். அதுவும் பேனர்தான். வெளுத்த பின்பக்கம் கீழே இருந்தது. ஒரு ஓரம் மடிந்து தொங்கியது. அதில் ஒரு குழந்தையின் கன்னமும் காதும் தெரிந்தது. காதுகுத்து பேனர். காதில் சின்னக் கம்மல்.

நான் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான். கேட்காமலே சொன்னான்.

“கட்டும்போது மூஞ்சி கீழதான் இருந்திச்சி. வேல செய்யும்போது எண்ண தெறிச்சி அந்தக் கொயந்த மேல படும். பேஜாரா இருந்திச்சி. அதான் திருப்பிப் போட்டேன்.”

“யார் கொயந்தடா அது?”

“தெரியலக்கா.”

“அதுக்கும் ஒரு மாமன் இருப்பான் இல்ல.”

அவன் மேலே பார்த்துக்கொண்டே இருந்தான். தோஸ்து ஒரு நட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த நட்டையே மறுபடி துடைத்தார். பிறகு தம்பி குரலை இறக்கிக்கொண்டு பேசினான்.

“உனக்குச் சடங்கு வெச்சப்ப, மாமன் இல்லாத பொண்ணுன்னு பேசினானுங்க. ஞாபகம் கீதா?”

எனக்கு ஞாபகம் இருந்தது. எங்கள் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மாமன் முறை நின்று மாலை போட்டார். நான் அதை எப்போதோ விட்டுவிட்டேன். இவன் விடவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

“எங்க அக்கா பொண்ணுக்கு மாமன் கீறான்னு ஊருக்கே தெரியணும்” என்றான். “தெருமுனையில என் மூஞ்சி இல்லன்னா எவனுக்குத் தெரியும்?”

அதைச் சொன்னதும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. அவனுக்கு வேண்டியது பேனர் இல்லை என்று தெரிந்துவிட்டது.

“நடந்து வா” என்றேன்.

“இன்னா?”

“ஆட்டோவுல வந்து வாசல்ல எறங்காத. ஹைரோட்லயே எறங்கு. சீர் தட்ட வெளிய காட்டினு, மேளம் வெச்சி, தெரு முழுக்க நடந்து வா. பேனர எவனும் நின்னு பாக்கறதில்ல. மேளச் சத்தம் கேட்டா எல்லா வூட்லயும் வாசலுக்கு வருவாங்க. அப்ப உன் மூஞ்சியப் பாக்கட்டும்.”

தோஸ்து நட்டைக் கீழே வைத்தார்.

“அப்ப எங்க மூஞ்சிக்கு இன்னா வழி யக்கா?”

“நீங்களும் வாங்க. ஆளுக்கு ஒரு தட்டு தூக்குங்க.”

“பேனர்ல பாஸ்போர்ட் சைஸ்லதான் இருந்திருப்போம்” என்று அவர் தம்பியிடம் சொன்னார். “இப்ப ஃபுல் சைஸ்ல போலாம் மச்சி.”

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான். முடியவில்லை. பேனர் கடைக்குப் போன் போட்டு, பிரிண்டுக்குப் போகாதே என்று சொன்னான். டிசைன் போட்ட பையன் அந்தப் பக்கத்திலிருந்து புலம்புவது எனக்கே கேட்டது. பிறகு பெரியவளுக்குப் போன் போட்டான். சரியான ராங்கு பொண்ணு நீ என்று திட்டினான். கிரீடம் வெச்ச படம் சூப்பரா கீது, அத இன்னா பண்றது என்று கேட்டான். அவள் ஸ்டேட்டஸில் வைக்கச் சொன்னாள். ஒரு நாள் இருக்கும், அப்பால தானாகவே போய்விடும் என்றாள். அவன் என்னைப் பார்த்து, “எல்லாத்துக்கும் பதில் வெச்சிக்கினுகீறா” என்றான். உடனே ஸ்டேட்டஸ் வைத்தான். கூலிங் கிளாஸோடு.

டீ வாங்கி வரச் சொன்னான். கண்ணாடி டம்ளரில்தான் வந்தது. அதை அவன் எனக்குச் சுட்டிக் காட்டினான். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

சடங்கு அன்று காலையில் தெருமுனை காலியாக இருந்தது. மாமன் பேனர் எங்கே என்று இரண்டு பேர் கேட்டார்கள். வருவான் என்றேன். எனக்குச் சந்தேகம் இல்லை. வீட்டுக்காரருக்குத்தான் இருந்தது. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தார். வரிசையில் ஒருநாளும் பொறுமை இழக்காதவர், அன்று பத்துத் தடவை செருப்பைப் போட்டுக் கழற்றினார்.

ஹைரோட்டில் மேளம் கேட்டது. முதலில் தெருக் குழந்தைகள் ஓடின. பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்கள் வந்தார்கள். மாடிகளில் வந்தார்கள். இட்லிக்குப் பாத்திரம் கொண்டுவருகிறவர்கள் எல்லாரையும் ஒரே நேரத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். தம்பி முன்னால் வந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பட்டுப்புடவைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தான். அவனுக்குப் பின்னால் காசிமேட்டு ஆட்கள். என்ஜின் வேலைக்காரர்கள், வலை இழுப்பவர்கள், ஐஸ் உடைப்பவர்கள். தோளில் தூக்கிப் பழகினவர்களுக்குத் தட்டை ஏந்தி நடக்கத் தெரியவில்லை. ஒருவர் வளையல் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார்.

எதிர்வீட்டு அம்மா என்னிடம் வந்து, யார் இவ்வளவு பேரும் என்று கேட்டார்.

“பொண்ணோட மாமன்” என்றேன். “அவன் தோஸ்துங்க.”

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல முடியாது. தட்டுகள் ஒவ்வொன்றையும் பளபளக்கிற பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மேலே ரிப்பன் கட்டியிருந்தார்கள். கடையில் அப்படித்தான் கட்டிக் கொடுத்தார்களாம். சின்னவள் பார்த்துவிட்டாள். வாயைத் திறந்தாள். மணையில் உட்கார்ந்திருந்த பெரியவள், தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் அவளைப் பார்த்தாள். சின்னவள் வாயை மூடிக்கொண்டாள். எதைக் கேட்கவேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். எப்போது கேட்கவேண்டாம் என்பதைப் பெரியவள் தானாகவே தெரிந்துகொண்டிருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு இரண்டு பேரும் அந்தத் தாள்களைக் கிழிக்காமல் பிரித்து, மடித்து, பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட எடுத்து வைத்தார்கள்.

தம்பி மாலை போட்டான். சந்தனம் பூசினான். அவள் நெற்றியில் குங்குமம் கோணலாக விழுந்தது. அவள் துடைக்கவிடவில்லை. சாயங்காலம் வரை அப்படியே இருந்தாள்.

பந்தியில் கடைசியாகத்தான் தம்பி உட்கார்ந்தான். தோஸ்துகள் எல்லாரையும் முதலில் உட்கார வைத்துவிட்டு வந்தான். நானே பரிமாறினேன். எதிரில் சின்னவள் உட்கார்ந்து அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

“இவளுக்கும் நடந்துதான் வருவேன்” என்றான். “இப்பவே சொல்லிட்டேன். அப்ப ஹைரோட்லேர்ந்து இல்ல, காசிமேட்லேர்ந்தே நடப்பேன்.”

வெயிலில் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்றேன். நடப்பேன் என்றான். சரி என்றேன். இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கப் போனேன். போதும் என்று குறுக்கே கையை நீட்டினான். கையை எடு என்றேன். எடுத்தான்.